கட்டட மட்டங்களும் அவற்றின் எல்லைகளும்

முன்னுரை

கொத்தனார் வேலை தொடங்குமுன் ரசமட்டக் குழாயில் நீர் நிரப்பி, தூண்தோறும் ஒரே உயரத்தில் குறியிடுகிறார். பிற உயரங்கள் யாவும் அக்குறியிலிருந்தே அளக்கப்படுகின்றன. கணினியில் கட்டடத்தை அமைப்போர்க்கும் மட்டமே அடிப்படை. அம்மட்டம் எதுவரை பரவ வேண்டும் என்பதை இங்கு விளக்க விழைகிறேன்.

கோடன்று, பாய்

கட்டடத் தகவல் மாதிரி மென்பொருள்களுள் பெயர்பெற்றது 'ரெவிட்'. 2000-இல் வெளிவந்த இதனை 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கியது. காகிதப் படத்தில் மட்டம் என்பது ஒரு கோடு மட்டுமே. ரெவிட்டிலோ அது கிடையாக விரித்த பாயைப் போன்றது. முகப்புப் படத்தில் நாம் காணும் கோடு அப்பாயின் விளிம்பே.

மட்டத்திற்கு எல்லைகள் இரண்டு. ஒன்று முப்பரிமாண எல்லை; அது பாயின் உண்மையான அளவு. மற்றொன்று இருபரிமாண எல்லை. அது அந்த ஒரு படத்தில் மட்டும் கோடு காட்டப்படும் நீளம். முனையில் வெற்று வட்டம் இருப்பின் முப்பரிமாணம்; நிறைந்த புள்ளி இருப்பின் இருபரிமாணம்.

ஓர் எடுத்துக்காட்டு

மூன்று மாடி வகுப்பறைக் கட்டடம் ஒன்றும், அதன் கிழக்கே ஒற்றை மாடி அரங்கம் ஒன்றும் உள்ளன எனக் கொள்வோம். மேல்மாடிகளின் கோடுகள் அரங்கத்தின் தலைக்கு மேலே நீண்டு படத்தின் அழகைக் கெடுக்கின்றன. வரைபவர் ஒரு கோட்டின் முனையைப் பிடித்து மேற்கே இழுக்கிறார். முனைகள் நேராக அமைந்து பூட்டுக் குறியால் பிணைக்கப்பட்டிருப்பதால், தரைமட்டக் கோடும் உடன் நகர்ந்துவிடுகிறது. பாய் சுருங்கிவிட்டது!

பிறகு அரங்கத்தின் குறுக்கே வெட்டுத் தோற்றம் எடுத்தால் அதில் தரைமட்டமே இராது. பாய் எட்டாத இடத்தில் கத்தி எதனை வெட்டும்? மட்டம் அழியவில்லை, மறைந்திருக்கிறது. ஆனால் அப்படத்தை நம்பி வேலை செய்யும் கொத்தனாருக்கு உயரம் அளக்கத் தொடக்கமே இல்லை.

செய்யத்தக்கன

படத்தின் அழகுக்காகக் கோட்டைக் குறைப்பதாயின், முதலில் பூட்டைத் திறந்து, முனையை இருபரிமாணமாக மாற்றிய பின்னரே இழுக்க வேண்டும். அதே நீளம் இணையான பிற படங்களிலும் வேண்டுமாயின் 'பிராபகேட் எக்ஸ்டென்ட்ஸ்' என்னும் கட்டளை உதவும். சுருங்கிய பாயை மீண்டும் மாதிரி முழுதும் விரிக்க 'மேக்சிமைஸ் 3டி எக்ஸ்டென்ட்ஸ்' உண்டு. கட்டடங்கள் பலவாயின், ஒவ்வொன்றுக்கும் 'ஸ்கோப் பாக்ஸ்' எனும் பெட்டியை அமைத்து, உரிய மட்டங்களை அதனுள் அடக்குவதே சிறந்த முறை.

முடிவுரை

பொருள் வேறு, பொருளின் படம் வேறு. படத்தைத் திருத்தப் புகுந்து பொருளையே குறைத்துவிடலாகாது. கோட்டை இழுக்குமுன் அதன் முனையை ஒருமுறை உற்று நோக்குவோம். வட்டமா, புள்ளியா என அறிந்து செயற்படுவோம்.