கணிப்பொறிக் கடிகாரப் பிழையும் வட்டுச் சோதனையும்

கணிப்பொறியை இயக்கியவுடன் வேலைக்குரிய திரை தோன்றாமல், வட்டு சோதிக்கப்படுகிறது என்னும் அறிவிப்பு நெடுநேரம் நிற்பதுண்டு. வட்டு பழுதுற்றதெனக் கருதிப் புதியதொன்றுக்கு விண்ணப்பிப்பாரும் உளர். பொறுமையிழந்து மின்விசையை நிறுத்திவிடுவாரும் உளர். முன்னது வீண் செலவு, பின்னது பெருங்கேடு. பல இடங்களில் குற்றம் வட்டினுடையதன்று. ஒரு சிறு மின்கலத்தினுடையதேயாகும்.

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர்ப் பகுதியிலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், மூணாறு, பீருமேடு முதலிய பகுதிகளிலும் தமிழ்வழிக் கல்வி நடைபெற்று வருகிறது. 2001இல் தொடங்கிப் பின்னர் 2017இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்ற ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டத்தின் வழியாகக் கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் இயக்க முறைமை பரவலாக வழங்குகிறது. பத்தாம் வகுப்பு மாணவர் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வைக் கணிப்பொறியிலேயே எழுத வேண்டியிருப்பதால், தேர்வு நாட் காலையில் பொறி சோதனையில் நின்றுவிடுமாயின் தொல்லை மாணவரையே சேரும். ஆகவே இப்பிழையின் காரணத்தை ஆசிரியரும் களப்பணியாளரும் அறிந்திருத்தல் நலம்.

1. கடிகாரத்தின் அமைப்பு

கணிப்பொறியின் தாய்ப்பலகையில் ஒரு சிறு கடிகாரம் உண்டு. அதிலுள்ள படிகக்கல் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இவ்வெண்ணை 15 முறை பாதியாக்கினால் 1 கிடைக்கும். இவ்வாறே வினாடி கணக்கிடப்படுகிறது. மின் இணைப்பு இல்லாத வேளையில் இக்கடிகாரத்தை ஓட்டுவது நாணய வடிவான 3 வோல்ட் லித்தியம் மின்கலம். மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்னும் வகை பொருத்தப்பட்டிருக்கும். இதன் குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2 மில்லிமீட்டர்.

படிகக்கல்லிலும் சிறு பிழை உண்டு. பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையிருப்பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 வினாடியும், மாதத்தில் ஒரு நிமிடத்திற்குச் சற்றுக் குறைவாகவும் நேரம் பிசகும். இச்சிறு பிசகினால் வட்டுச் சோதனை எழுவதில்லை. ஆண்டுக்கணக்கில் தேதி பின்னோக்கிச் செல்வதே கவனிக்கத்தக்கது. அதற்குக் காரணம் மின்கலம் வலுவிழந்தமையாகும்.

2. தேதி பிசகினால் வட்டு சோதிக்கப்படுவது ஏன்?

வட்டிலுள்ள கோப்பு அமைப்பின் தலைப்பதிவேட்டில், அது கடைசியாக இயங்கு நிலைக்குக் கொணரப்பட்ட நேரமும், கடைசியாக எழுதப்பட்ட நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். தொடக்கத்தில் சோதனை நிரல் இவற்றைக் கடிகாரத்தோடு ஒப்பிடுகிறது. தேயிலைத் தோட்டத்துக் கணக்கர், வருகைப் பதிவேட்டில் ஏற்கனவே எழுதிய வரி ஒன்று அடுத்த மாதத் தேதியைத் தாங்கியிருக்கக் கண்டால், ஏடு முழுவதையும் ஐயுறுவார் அல்லவா? அவ்வாறே பதிவேட்டில் 2025ஆம் ஆண்டும் கடிகாரத்தில் 2009ஆம் ஆண்டும் இருப்பின், “கடைசியாக இணைத்த நேரம் எதிர்காலத்தில் உள்ளது” என்னும் பொருள்படும் அறிவிப்புடன் நிரல் வட்டைச் சோதிக்கத் தலைப்படுகிறது. சில பழைய பதிப்புகள் மனிதர் கட்டளையை எதிர்நோக்கி நின்றேவிடும். புதிய பதிப்புகளில் 24 மணி நேரம் வரையிலான வேறுபாடு பொறுத்துக்கொள்ளப்படுகிறது.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. வலுவிழந்த மின்கலமுடைய இரு பொறிகளில், இணைய இணைப்புள்ளதே நாள்தோறும் சோதனைக்குள்ளாகும். அப்பொறி பகலில் இணையத்தின் வழியே சரியான தேதியைப் பெற்று வட்டில் பதிகிறது. இரவில் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்புகிறது. காலையில் முரண் வெளிப்படுகிறது. இணைப்பில்லாத பொறியோ பதிவேட்டிலும் பழைய தேதியையே எழுதுவதால், முதன்முறைக்குப் பின் அமைதியாக இயங்கும். ஆனால் அதில் உருவாகும் ஒவ்வொரு கோப்பும் பிழையான தேதியைத் தாங்கும். எனவே சோதனை எழாமை நலத்தின் அறிகுறியன்று.

3. விடுமுறையும் இடிமழையும்

மின் இணைப்பு நிலைத்திருக்கும்போது, பொறி நிறுத்தப்பட்டிருப்பினும், சுவர் மின்சாரமே கடிகாரத்தை ஓட்டும். மாலையில் முதன்மை விசையை நிறுத்தும் பள்ளிகளிலும், இடிக்கு அஞ்சிச் செருகியைக் கழற்றும் மலைப்பகுதிகளிலும் முழுச் சுமையும் மின்கலத்தின் மீது விழுகிறது. ஏப்ரல், மே மாத விடுமுறையில் இச்சுமை இடைவிடாது நீடிக்கும். ஜூன் மாதப் பள்ளித் திறப்பின்போது பல பொறிகளில் ஒருங்கே இப்பிழை தோன்றுவதற்கு இதுவே காரணம். இடிக்காலத்தில் செருகியைக் கழற்றுவதைக் கைவிடலாகாது. மின்கலத்தை உரிய காலத்தில் மாற்றுவதே முறை.

4. குறி கண்டு காரணம் அறிதல்

(அ) பொறியின் தொடக்க அமைப்புத் திரையில் தேதியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு சரிசெய்க. பின்னர் நிறுத்தி, செருகியைக் கழற்றி ஓரிரவு வைத்து மீண்டும் பார்க்க. தேதி பின்னோக்கியிருப்பின் மின்கலமே காரணம்.

(ஆ) செருகி இணைந்திருக்கையிலும் தேதி தங்கவில்லையெனில் தாய்ப்பலகைக் கடிகாரத்தில் பழுது இருத்தல் கூடும்.

(இ) பிசகு சரியாக 5 மணி 30 நிமிடம் எனில் மின்கலத்தைக் குறை கூறலாகாது. இந்திய நேரம் உலகப் பொது நேரத்திற்கு அவ்வளவு முந்தியது. ஒரே பொறியில் விண்டோசும் லினக்சும் இருக்கும்போது, முன்னது கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையும் பின்னது பொது நேரத்தையும் கொள்வதால் இவ்வேறுபாடு எழும். இரண்டையும் ஒரே முறைக்கு அமைத்தல் வேண்டும்.

(ஈ) தேதி சரியாயிருந்தும் சோதனை எழுமாயின், திடீர் மின்தடையையோ வட்டின் உண்மையான பழுதையோ ஐயுறுக. விண்டோசில் எழும் வட்டுச் சோதனைக்கும் பெரும்பாலும் முறையற்ற நிறுத்தமே காரணம், கடிகாரம் அன்று.

5. மின்கலம் மாற்றும் முறை

செருகியைக் கழற்றி, தொடக்க விசையைச் சில வினாடிகள் அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றுக. கையை உலோகச் சட்டத்தில் தொட்டபின் பழைய கலத்தை எடுத்து, கூட்டல் குறியுள்ள முகம் வெளித்தெரியுமாறு புதியதை வைக்க. பின்னர் தேதி, நேரம், தொடக்க வரிசை ஆகியவற்றை மீண்டும் அமைக்க. மடிக்கணிப்பொறியில் கலம் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கக் கூடுமாதலால் அதனைப் பணியாளரிடம் விடுதல் நன்று. நாணயக் கலத்தைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து விளையும். பழைய கலங்களையும் அவர்கள் கைக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

தேதியைத் திருத்தியபின் ஒருமுறை சோதனை எழலாம். அது முடியும் வரை மின்விசையைத் தொடலாகாது; பழுது நீக்கும் வேளையில் மின்சாரம் அறுந்தால் கோப்புகள் சிதையக்கூடும்.

வகுப்பறைப் பயிற்சி

ஒரு மின்கலத்தின் கொள்ளளவு 220 மில்லி ஆம்பியர் மணி என்றும், கடிகாரம் கொள்ளும் மின்னோட்டம் 0.005 மில்லி ஆம்பியர் என்றும் கொள்க. 220ஐ 0.005ஆல் வகுத்தால் 44,000 மணி, அதாவது ஏறத்தாழ 5 ஆண்டு கிடைக்கும். நாள்தோறும் 8 மணி நேரம் சுவர் மின்சாரம் கிடைப்பின் இக்காலம் எவ்வளவு நீளும் என மாணவரைக் கணக்கிடச் செய்க. விடை ஏழரை ஆண்டு அளவாக வரும். கிடக்கும் காலத்திலும் கலம் தானே சிறிது வலுவிழப்பதால், நடைமுறையில் அதற்கு முன்னரே மாற்றுதல் நன்று. மாற்றிய நாளைப் பொறியின் பக்கத்தில் ஒட்டுத்தாளில் எழுதிவைத்தால், அடுத்து வரும் ஆசிரியர்க்கும் அது உதவும்.