நெல்லா, புல்லா? கழுத்தைப் பாருங்க

நட்டு 20 நாளில் நெல்லும் குதிரைவாலிப் புல்லும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். கதிர் வந்தபின் யாரும் சொல்லிடலாம். ஆனால் விதை கொட்ட ஆரம்பித்துவிடும்.

இலை தண்டோடு சேரும் கழுத்தை விரித்துப் பாருங்க. நெல்லுக்கு அங்கே நாக்கு போல வெள்ளைச் சவ்வும், இரு பக்கமும் ரோமமுள்ள சின்னக் காதுகளும் இருக்கும். குதிரைவாலிப் புல்லுக்கு நாக்கும் கிடையாது, காதும் கிடையாது. முற்றிய இலையில் காது உதிர்ந்திருக்கலாம், மேல் இலையைப் பாருங்க. வங்கியில் கையெழுத்து ஒப்பிட்ட கண்ணுக்கு இது சுவாரசியமான வேலை! தண்டு முக்கோணமாக இருந்தால் அது புல்லே இல்லை, கோரை.

களையெடுக்க வருவோருக்குக் காட்ட செல்போனில் படம் வையுங்க. நெல்லைப் பிடுங்கிப் புல்லை விட்டால் கூலியும் போச்சு, பயிரும் போச்சு. காற்று எழும்முன் காலையில் எடுக்கணும். கேமரா மெல்லிய புல்லை விட்டுவிட்டு வரப்பைத்தான் பிடிக்கும். அதனால் பின்னால் கறுப்புத் துணியோ உள்ளங்கையோ வைத்து, திரையில் கழுத்தைத் தொட்டு எடுங்க. முழுத் தூருக்கும் ஒரு படம். சந்தேகமான செடியைத் தொட்டியில் நட்டு வையுங்க, கதிர் வந்ததும் இன்னொரு படம் எடுத்தால் பெயர் உறுதியாகிடும்.