குழாய் விட்டுப் பார்த்த பிறகு: வீடா? வார்டா?



வயிற்றெரிச்சல், பசி நேரத்தில் வலி, கருப்பாக மலம் போவது என்று கிளினிக்குக்குப் போனால், "பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்க்கணும்" என்று எழுதிக் கொடுக்கிறார்கள். இதற்கு எண்டோஸ்கோப்பி என்று பெயர். நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள, சுண்டுவிரல் பருமனான ஒரு குழாயை வாய் வழியாக இரைப்பை வரை விட்டுப் பார்ப்பார்கள். வெறுமனே பார்ப்பதற்குக் கால் மணி நேரம் போதும்.

இதைச் செய்துகொண்டு வந்தவர்களிடம் இரண்டு விதமான பேச்சைக் கேட்கலாம். ஒருவர், "ஒரு ராத்திரிகூட வைக்காம அனுப்பிட்டாங்க" என்று குறைப்படுவார். இன்னொருவர், "படுக்கச் சொன்னாங்க, சம்பளம் போயிடுமேன்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டேன்" என்பார். முதலாமவர் பயப்பட வேண்டியதில்லை. இரண்டாமவர் செய்தது உயிரோடு விளையாட்டு. ஏன் என்று பார்ப்போம்.

எப்போது அன்றைக்கே வீடு?

குழாய் விட்டுப் பார்த்ததும், பரிசோதனைக்கு ஒரு துளி சதை கிள்ளி எடுத்ததும் மட்டும் என்றால், பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம். இதில் இரைப்பையிலோ உணவுக் குழாயிலோ ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. சிறிய சதை வளர்ச்சியை எடுத்தாலும் பலரை அன்றைக்கே அனுப்புவார்கள். புண் இருந்தாலும் அதன் அடிப்பாகம் சுத்தமாக இருந்து, ரத்தம் கசியாமல், வேறு நோயும் இல்லாவிட்டால், சாப்பிட வைத்து மருந்து கொடுத்து அனுப்புவது உண்டு. அது உங்களை விரட்டுவது ஆகாது. தேவையில்லாமல் வார்டில் படுப்பதால் ஒரு லாபமும் கிடையாது.

எப்போது வார்டில் தங்க வேண்டும்?

உள்ளே என்ன செய்தார்கள் என்பதைப் பொறுத்தது அது.

ரத்தம் கொட்டிக்கொண்டிருந்த புண்ணுக்கு ஊசி போட்டோ, கிளிப் மாட்டியோ, சூடு வைத்தோ அடைத்திருந்தால் குறைந்தது 72 மணி நேரம், அதாவது மூன்று நாள், ஆஸ்பத்திரியில் வைப்பதே முறை. மறுபடி ரத்தம் வருவது பெரும்பாலும் இந்த மூன்று நாளுக்குள்தான். உடம்பு தெம்பாக இருப்பதுபோல் தெரியும். அதை நம்பி வந்துவிடாதீர்கள். ஈரல் கெட்டு, உணவுக் குழாய் நரம்பு வெடித்து ரத்த வாந்தி எடுத்தவர்களுக்கும் இதே கண்டிப்புதான்.

பெரிய கட்டியையோ ஆரம்பநிலைப் புற்றையோ குழாய் வழியாகவே சீவி எடுத்திருந்தால் ஓரிரவோ, அதற்கு மேலோ வைப்பார்கள். வயதானவர்கள், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோரையும் யோசித்துத்தான் அனுப்புவார்கள். அந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டாக்டருக்கு உங்கள் வயிறு தெரியும், உங்கள் தோட்டத்து மண் ரோடு தெரியாது. "வீடு இவ்வளவு தூரம், ராத்திரியில் வண்டி கிடைக்காது, வீட்டில் தனியாக இருக்கிறேன்" என்று நீங்கள்தான் வாய் திறந்து சொல்ல வேண்டும். அதைக் கேட்டால் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பவும் கூடும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

தொண்டையில் மட்டும் மரப்பு மருந்து அடித்திருந்தால், மரப்பு போகும்வரை தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்தால் புரையேறும். தூக்க ஊசி போட்டிருந்தால் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். விழித்துக்கொண்டோம் என்று நினைப்போம், ஆனால் புத்தி முழுதாகத் தெளிந்திருக்காது. 24 மணி நேரத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டாதீர்கள், பால் வெட்டும் கத்தியோ குலை வெட்டும் அரிவாளோ தொடாதீர்கள், மருந்து அடிக்கப் போகாதீர்கள், மது குடிக்காதீர்கள், எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

லேசான தொண்டை வலியும் ஏப்பமும் ஒரு நாள் இருக்கும். அது சாதாரணம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 999 கூப்பிடுங்கள், அல்லது வண்டி பிடித்து அவசரப் பிரிவுக்குப் போங்கள்:

1. ரத்த வாந்தி, அல்லது கோப்பித் தூள் மாதிரி வாந்தி.
2. தார் போலக் கருத்து, பிசுபிசுத்து, நாற்றமடிக்கும் மலம்.
3. விடாத வயிற்று வலி, வயிறு பலகைபோல் இறுகுவது.
4. நெஞ்சு வலி, கழுத்து வீக்கம், மூச்சுத் திணறல்.
5. காய்ச்சல், குளிர் நடுக்கம்.
6. மயக்கம், வியர்த்துக் கொட்டுவது.

சதை வெட்டி எடுத்தவர்களுக்கு இரண்டு வாரம் கழித்துக்கூட ரத்தம் வரலாம். வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இந்த ஆறையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் தானே எழுந்து உதவி கேட்க முடியாது.

சம்பளம் போகுமா?

தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், 60எஃப் பிரிவு, உங்கள் பக்கம் இருக்கிறது. சம்பளத்தோடு நோய் விடுப்பு ஆண்டுக்கு 14 நாள். 2 வருடம் வேலை செய்தவருக்கு 18. 5 வருடமும் அதற்கு மேலும் என்றால் 22. ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக் கணக்கு. படுக்க வேண்டிய நோய்தான் என்று டாக்டர் சான்று கொடுத்து, ஏதோ காரணத்தால் படுக்க முடியாமல் போனாலும், படுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. எம்.சி. கையில் இருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

ஆகவே புறப்படும் முன் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: உள்ளே என்ன செய்தீர்கள்? எந்த மாத்திரை, எத்தனை நாள்? சதைப் பரிசோதனை முடிவுக்கு எப்போது வர வேண்டும்?

பதில் புரியாவிட்டால் மறுபடியும் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். "வீட்டுக்குப் போ" என்றால் துணையோடு போங்கள். "படு" என்றால் படுங்கள். மரம் நாளைக்கும் அங்கேயேதான் நிற்கும். அதை வெட்ட நீங்கள் இருக்க வேண்டும்.