காந்தம் ஒட்டினால் கத்தி மட்டமா?

தி.நகர் உஸ்மான் ரோட்டில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கப் போகிறவர்களில் சிலர் கைப்பையில் ஒரு சின்னக் காந்தமும் வைத்திருப்பார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் பொம்மைக் காந்தம்தான். சம்படத்தின் அடியில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால், "இது நல்ல எவர்சில்வர் இல்லப்பா, வேற காட்டு" என்று தள்ளிவிடுவார்கள். பாத்திரத்துக்கு அது ஓரளவு சரி. அதே கடையின் மூலையில் அட்டையில் குத்தித் தொங்கும் காய் நறுக்கும் கத்தியிலும் அதே காந்தத்தை வைத்துப் பார்ப்பதில்தான் கோளாறு. பாத்திரத்துக்கான சட்டம் கத்திக்குச் செல்லாது. சில இடங்களில் தலைகீழாகவே இருக்கும். மலிவு விலைக் கத்தியைப் பற்றி நம் வீடுகளில் உலவும் தப்பெண்ணங்களில் பெரும்பாலானவை, கத்தியையும் ஒரு பாத்திரமாக நினைப்பதால் வந்தவை.

நம்பிக்கை: காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட்.

உண்மை: சமையல் கத்தியின் அலகில் காந்தம் ஒட்டத்தான் வேண்டும். ஒட்டாவிட்டால் யோசியுங்கள்.

பாத்திரத்துக்குப் பேர்போன 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். நிக்கல் சேர்வதால் எஃகின் உள்ளமைப்பே மாறிப்போய், காந்தத்துக்கு மசிவதில்லை. அழுத்திக் குடமாகவும் குண்டானாகவும் எடுக்க அந்த அமைப்பு வசதி. ஆனால் அதைக் காய்ச்சி எண்ணெயில் முக்கினாலும் கெட்டிப்படாது. கெட்டிப்படாத எஃகில் கூர் நிற்காது. கத்திக்கு வேண்டியது 420 போன்ற ரகம்: குரோமியம் 12 முதல் 14 சதவீதம், நிக்கல் இல்லை என்றே சொல்லலாம், கார்பன் மட்டும் பாத்திர எஃகைவிடச் சில மடங்கு அதிகம். அதை ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சி, சட்டென்று ஆறவைத்து, மறுபடி 150 முதல் 200 டிகிரியில் பதப்படுத்தினால் கூர் தாங்கும் கெட்டி வரும். இந்த வகை காந்தத்தில் பச்சக்கென்று ஒட்டும். '18/8' என்று கத்தியில் பொறித்திருந்தால், அது கைப்பிடியைச் சொல்கிறதா அலகைச் சொல்கிறதா என்று கேளுங்கள். அலகு என்றால் அந்தக் கத்தி வெண்ணெய் தடவத்தான் லாயக்கு.

காந்தம் ஒட்டுவதெல்லாம் துருப்பிடிக்கிற இரும்பு என்று இன்னும் தோன்றினால், ஒரு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக் காந்தத்தில் வையுங்கள். இப்போது புழங்கும் ஒரு ரூபாய், 83 சதவீதம் இரும்பும் 17 சதவீதம் குரோமியமும் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். சேலம் உருக்காலையில் நாணயத்துக்கென்றே வில்லை வெட்டும் பிரிவு உண்டு. காந்தத்தில் தாவி ஒட்டும் இந்தக் காசு, பஸ் கண்டக்டர் பையிலும் கபாலி கோயில் உண்டியலிலும் வருடக்கணக்காகப் புரண்டும் துருவேறிப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

காந்தம் ஒட்டிவிட்டால் கத்தி நல்லது என்றும் முடிவு கட்ட வேண்டாம். நாணயத்துக்கு ஆகிவரும் அந்த வகை எஃகையும் காய்ச்சிக் கெட்டிப்படுத்த முடியாது. அதில் கத்தி செய்தால் பார்க்க அழகாக இருக்கும், தக்காளித் தோலில் வழுக்கும். பாத்திரத்திலுமே காந்தச் சோதனை பாதிக் கிணறுதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த 200 வரிசை ரகங்களிலும் காந்தம் ஒட்டாது, விலையில் மட்டும் 304-ஐவிட இறக்கம்.

நம்பிக்கை: துருப் புள்ளி வந்துவிட்டதா, ஏமாற்றிவிட்டார்கள்.

உண்மை: நல்ல கத்தியிலும் புள்ளி வரும். எஃகின் மேல் குரோமியமும் ஆக்சிஜனும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். அந்தப் படலத்துக்கு எமன் உப்பிலிருக்கும் குளோரைடு. கத்தி எஃகில் குரோமியம் எடுத்த எடுப்பிலேயே குறைவு. அதிலும் ஒரு பங்கைக் கார்பன் பிடித்து வைத்துக்கொள்கிறது. கெட்டியும் வேண்டும், துருவும் கூடாது என்றால் இரண்டில் ஒன்றில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். கத்தி செய்கிறவர்கள் கெட்டியின் பக்கம் சாய்கிறார்கள், அது நியாயமும்கூட.

பெசன்ட் நகர், அடையாறு பக்கம் ஜன்னல் கம்பி படும் பாடு தெரியும். உப்புக் காற்று, போர் தண்ணீர், எலுமிச்சை நறுக்கிய கத்தி ராத்திரி முழுக்க சிங்க்கில், ஊறுகாய்ப் பாத்திரத்தோடு. காலையில் செம்புள்ளி தெரிந்தால் கடைக்காரரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. கழுவித் துடைத்து வைத்தால் பெரும்பாலும் வராது. இரும்பு நார் போட்டுத் தேய்த்தால், உதிர்ந்த நாரின் துணுக்குகளே கத்தியில் ஒட்டித் துருவேறும். பழி கத்தி மேல் விழும்.

நம்பிக்கை: கையில் கனமாக இருந்தால் நல்ல கத்தி.

உண்மை: கனம் பார்த்து வாங்க வேண்டியது குக்கரும் தோசைக்கல்லும். காய் நறுக்கும் கத்தியில் கனம் என்பது அனேகமாகத் தடித்த அலகு. தடித்த அலகு கேரட்டை வெட்டுவதற்கு முன்னால் பிளந்துவிடும். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் சமையலறைக் கத்திகள் பல, பிளாஸ்டிக் பிடி போட்டு, தகட்டிலிருந்து வெட்டியெடுத்த மெல்லிய அலகுகள்தான். கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் போலிருக்கும். ஹோட்டல் சமையல்காரர்கள் அதைத்தான் நம்புகிறார்கள்.

எடை போடுவதை விட்டுவிட்டு, கத்தியின் முனையைக் கண்ணுக்கு நேரே வைத்து முதுகோடு பாருங்கள். கோணல் இருக்கக் கூடாது. முதுகிலிருந்து கூர் வரை அலகு மெலிந்துகொண்டே வர வேண்டும். மேலே தகடு அப்படியே இருக்க, கடைசி ஒரு மில்லிமீட்டரில் மட்டும் இருபுறமும் சீவிவிட்டிருந்தால் வேண்டாம். பிறகு கூர் விளிம்பை டியூப்லைட்டுக்கு நேரே திருப்புங்கள். நல்ல கூர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது; எங்கே வெள்ளைக் கோடாக மின்னுகிறதோ அங்கே மொட்டை.

நம்பிக்கை: 'சர்ஜிக்கல் ஸ்டீல்', 'ஜெர்மன் ஸ்டீல்', 'ஜப்பான் டெக்னாலஜி' என்று எழுதியிருந்தால் தரம்.

உண்மை: விளம்பரம். 'சர்ஜிக்கல்' என்பது எந்த ஒரு ரகத்தின் பெயரும் இல்லை. 420, 440, 1.4116 என்று எண் போட்டிருந்தால் மதிப்புக் கொடுக்கலாம்.

அந்த எண்ணும் கதையில் பாதியைத்தான் சொல்லும். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துப்பாக்கிக் குழலுக்காகத் தேடியபோது கிடைத்த துருவேறா எஃகில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம். இன்று ரங்கநாதன் தெருவில் தொங்கும் கத்தியின் கலவையும் கிட்டத்தட்ட அதேதான். அதில் முதலில் கத்தி அடித்துப் பார்த்தவர்களுக்குப் பதம் பிடிபடவில்லை. வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த ஆள் என்று பிரியர்லியைக் கிண்டல் செய்தார்கள். ஒரே தகட்டிலிருந்து நல்ல கத்தியும் வரும், உதவாக்கரையும் வரும். வித்தியாசம் உலையில். மலிவான கத்தியில் கம்பெனி மிச்சம் பிடிக்கும் இடமும் அதுதான், அதை எந்த அட்டையிலும் அச்சடிக்க மாட்டார்கள்.

நம்பிக்கை: இரும்பு அரிவாள்மனைக்கு ஈடாகுமா?

உண்மை: கூருக்கு ஈடாகாது, ஒப்புக்கொள்கிறேன். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் சேனைக்கிழங்கைப் பத்தை போடுகிறவர் கையில் இருக்கும் கறுத்த இரும்புக் கத்தியின் வேகம் எந்த எவர்சில்வர் கத்திக்கும் வராது. ஆனால் வாழைப்பூவையும் வாழைக்காயையும் அதில் நறுக்கினால், காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து சீக்கிரமே கறுக்கும். மோரில் போட்டாலும் எவர்சில்வரில் நறுக்கியதன் நிறம் வராது.

நம்பிக்கை: ஒரே மாதத்தில் மழுங்கினால் எஃகு மட்டம்.

உண்மை: முதலில் எதன் மேல் நறுக்குகிறீர்கள் என்று பாருங்கள். நம் சமையலறைகளில் பாதியில் கிரானைட் மேடை, மீதியில் எவர்சில்வர் தட்டு. கிரானைட் எந்த எஃகுக் கத்தியையும்விடக் கெட்டி. உலகத்தின் விலை உயர்ந்த கத்தியும் அதன் மேல் தாங்காது. மரப்பலகைக்கு மாறிய பிறகும் வாரத்துக்குள் மழுங்கினால் எஃகைத் திட்டலாம். அப்போதும் கூர் தேய்ந்ததா மடங்கியதா என்று பாருங்கள்: அலகின் பக்கவாட்டில் பஞ்சைக் கூருக்கு வெளியே இழுத்தால், மடங்கிய பக்கத்தில் நூல் சிக்கும். மலிவுக் கத்தி பெரும்பாலும் மடங்கும், ஏனென்றால் அது கொஞ்சம் மெத்து. மெத்தான எஃகைத் தீட்டுவது சுலபம் என்பதுதான் அதிலிருக்கும் ஒரே லாபம்.

"கத்தி சாணை பிடிக்கறதே" என்று தெருவில் குரல் கேட்டால் கொடுக்கலாம். தண்ணீர் தொட்டுத் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். தீப்பொறி பறக்க ஒரே இடத்தில் அழுத்தி, விளிம்பு நீலம் பாரித்துவிட்டால் உலையில் ஏற்றிய பதம் அந்த இடத்தில் போய்விட்டது. அடுத்து எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. நடுவில் வீட்டிலேயே செய்துகொள்ளப் பீங்கான் கப் போதும். கவிழ்த்தால், மெருகு பூசாத சொரசொரப்பான ஒரு வளையம் அடியில் தெரியும். அதை நனைத்து, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பத்துப் பன்னிரண்டு இழுப்பு, அழுத்தாமல். வளையத்தில் சாம்பல் நிறக் கசடு படியும். கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டு வெங்காயத்தை எடுங்கள்.