மலைச்சரிவில் இறங்கும் கறுப்புக் குழாய்

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை எந்தத் தோட்டத்துப் பாதையில் நடந்தாலும் ஒரு கறுப்புக் குழாய் கண்ணிற்படும். மேலேயுள்ள ஊற்றிலிருந்து தேயிலைச் செடிகளுக்கிடையே வளைந்து வந்து லயத்துப் பீலியில் முடியும். உயர்தரத்தில் பொறியியல் தொழினுட்பவியல் கற்கும் எனக்கு, பிளாஸ்டிக் பாடத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

அது பொலிஎதிலீன் குழாய். உருக்கின் அடர்த்தியில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையேறலாம். துருப்பிடிக்காது, மண் சற்றுச் சரிந்தாலும் வளைந்து கொடுக்கும். ஏன் கறுப்பு நிறம்? வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்கள் பிளாஸ்டிக்கின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடும். அதைத் தடுக்கவே 2 வீதத்துக்குச் சற்று அதிகமாகக் காபன் கரி சேர்க்கிறார்கள். முற்றத்தில் கிடந்த பழைய வாளி ஒருநாள் கைபட்டதும் நொறுங்குவது இந்தப் பாதுகாப்பு இல்லாததால்தான்.

மலைநாட்டார் மறக்கக் கூடாத கணக்கு ஒன்றுண்டு. ஊற்று 10 மீற்றர் உயர உயர, கீழே நீரின் அமுக்கம் ஏறத்தாழ 100 கிலோபஸ்கால் கூடும். கடையில் வாங்கும் பி.வி.சி. குழாயில் 600, 1000 என்று அச்சிட்டிருப்பது அது தாங்கும் அமுக்கமே. ஊற்று 80 மீற்றர் மேலே இருந்தால், இரவில் எல்லோரும் பீலியைப் பூட்டியதும் அடியில் 800 ஆகிவிடும். 600 குழாய் அன்றே வெடிக்காமல் விடலாம். ஆனால் பிளாஸ்டிக், தொடர்ந்து சுமை ஏற்றினால் மெல்ல மெல்ல இழுபடும் இயல்புடையது. உருக்கு சாதாரண வெப்பநிலையில் அப்படியல்ல. சில வருடங்களில் குழாய் விட்டுக்கொடுக்கும். விலை குறைந்த குழாய் இப்படித்தான் விலை கூடியதாகிறது. நடுவழியில் ஒரு திறந்த தொட்டி கட்டினால் அமுக்கம் அங்கே பூச்சியமாகி மீண்டும் தொடங்கும்.

இன்னொரு பலவீனம் சூடு. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். பி.வி.சி.யோ 80 பாகையளவில் இளகத் தொடங்குகிறது. ஆகவே சுபஹுக்கு உழூச் செய்யச் சுடுநீர்க் குழாய் போடும் வீட்டார் பி.வி.சி.யை நம்பக் கூடாது. எல்லாப் பிளாஸ்டிக்கும் இளகுவதில்லை என்பதும் உண்மை. 1907 இல் பேக்லண்ட் கண்டுபிடித்த பேக்கலைற்று ஒருமுறை இறுகினால் மீண்டும் உருகாது. கேத்தல் பிடிக்கும் பழைய பிளக்குக்கும் அதைத் தேர்ந்தது அதனாலேயே.

விறைப்பில் பிளாஸ்டிக் உருக்கின் அருகிலும் வராது. பி.வி.சி. ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. கூரைத் தீராந்தி செய்ய உதவாது.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். விறகு ஈரமான மழைநாளில் குழாய்த் துண்டுகளால் அடுப்பு மூட்டுவதைக் கண்டிருக்கிறேன். பி.வி.சி. எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வெளியேறும். அது நீருடன் சேர்ந்தால் அமிலம். மூடிய சமையலறையில் அதைச் சுவாசிப்பது அடுப்படியில் நிற்பவரும் மடியிலிருக்கும் பிள்ளையுமே.

எது பி.வி.சி. என்று அறிவது எளிது. சிறு துண்டை நீரில் போடுங்கள். பொலிஎதிலீன் மிதக்கும், பி.வி.சி. அமிழும். பி.வி.சி. பசை கறுப்புக் குழாயில் ஒட்டாததும் அது வேறு பொருள் என்பதாலேயே. அதனால்தான் எங்கள் பக்கத்தில் அதன் வெடிப்புகளைச் சைக்கிள் டியூப்பால் சுற்றிக் கட்டுகிறார்கள். முறையான இறுக்கு மூட்டு ஒன்றைப் போட்டால் நீர் ஒழுகாது.