வலிக்காத ஹார்ட் அட்டாக்

கொடைக்கானல்ல மேடு ஏறினா யாருக்கும் மூச்சு வாங்கும். சுமார் 2,100 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. ஆனா கூட வர்ற அப்பாவுக்குப் பல வருஷமா சுகர் இருந்தா, 'மலைதானே'ன்னு விட்டுடக் கூடாது.

ஏன்? ரத்தத்தில் சர்க்கரை நீண்ட காலம் அதிகமாக இருந்தால் ரெண்டு இடத்துல அடி விழும். ஒன்று, ரத்தக்குழாயின் உட்சுவர் பழுதாகி, கொழுப்பு படிந்து, பாதை குறுகும். இரண்டு, இதயத்தின் வலியை மூளைக்குச் சொல்லும் நரம்புகள் கெடும். நம்ம பாஷையில சொன்னா, சர்க்யூட்ல ஓவர்லோடு, அலாரம் ஒயரும் கட்! அதனால் நெஞ்சுவலி இல்லாமலே மாரடைப்பு வரலாம். மூச்சுத்திணறல், வியர்வை, அசதி மட்டும்தான் தெரியும்.

சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 1,262 பேரிடம் நடத்திய ஆய்வு 2001-ல் வெளியானது. சர்க்கரை அளவு இயல்பாக இருந்தவர்களில் 9.1 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய். சர்க்கரை நோயாளிகளில் 21.4 சதவீதம். ரெண்டு மடங்குக்கு மேல!

அதனால வீட்டில் சுகர் மட்டும் பார்த்தா போதாது. பிபி, கொலஸ்ட்ரால், ஈசிஜி பற்றியும் டாக்டரிடம் கேளுங்க. பழனிப் படியோ கொடை மேடோ, உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்கலைன்னா, வலி வரட்டும்னு காத்திருக்காம 108-க்குப் போன் பண்ணுங்க.