விளையாட்டுப் பிரசுரமும் இணைய அங்காடியும்

விளையாட்டு என்றவுடன் பந்தும் மட்டையும் மைதானமுமே நம் மனத்தில் தோன்றுவது வழக்கம். கணிப்பொறியிலும் தொலைக்காட்சித் திரையிலும் கைப்பேசியிலும் ஆடப்பெறும் வீடியோ விளையாட்டுகளோ, நூல்களைப் போல, ஒருவரால் இயற்றப்பெற்று, வேறொருவரால் வெளியிடப்பெற்று, மற்றொருவரால் விற்கப்பெறுவன. இயற்றுவோர்க்கும் ஆடுவோர்க்கும் இடையே பொருளிட்டு நின்று வெளியிடுவோரைப் பிரசுரகர்த்தர் என ஈண்டு வழங்குவாம். முன்பு கடையிற் பெட்டியாக விற்ற பண்டம் இப்பொழுது இணையத்தின் வழியே நேராக வீட்டினுள் வந்து சேர்கின்றது. இந்நிலையில் பிரசுரகர்த்தர்க்கு இன்னும் வேலை உண்டோ என்பதே நாம் ஆராயப் புகுந்த பொருள். இஃது அற்ப விஷயம் என்று கருதுவார் சிலர் இருத்தல் கூடும். ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்னும் ஒரு பிரசுர நிறுவனத்தை மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2023-ஆம் ஆண்டில் 6,870 கோடி டாலர் விலைக்கு வாங்கினர் என்பதை அன்னோர் நினைவிற் கொள்வாராக.

ஆதியிற் பிரசுரகர்த்தர் எனத் தனியே ஒருவர் இலர். அமெரிக்காவில் அட்டாரி கம்பெனியார் பொறியையும் தாமே செய்து, அதில் ஆடும் விளையாட்டுகளையும் தம் ஊழியரைக் கொண்டே இயற்றுவித்தனர். இயற்றியவர் பெயரை அவர்கள் வெளியிடுவதில்லை. இதனை மனம் பொறாத வாரன் ராபினெட் என்பவர், தாம் இயற்றிய 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டினுள் எளிதிற் காணவொண்ணாத ஓர் அறையை அமைத்து, அதில் தம் பெயரை ஒளித்து வைத்தார். வேறு நால்வர் 1979-ஆம் ஆண்டில் அட்டாரியை விட்டு நீங்கி, ஜிம் லெவி என்பவரோடு கூடி ஆக்டிவிஷன் என்னும் கம்பெனியைத் தொடங்கினர். பிறர் செய்த பொறிக்கு விளையாட்டு இயற்றி வெளியிடும் முதற் கம்பெனி இதுவே. இயற்றியவர் பெயரையும் இவர்கள் விளங்கப் பொறித்தனர். மேலே கூறிய 6,870 கோடி டாலர் நிறுவனம் இவ்வாறு பெயருக்காகப் பிணங்கி வந்தவர்களின் வழியே வளர்ந்தது என்பது சற்று வியப்பைத் தருவதாம்.

ஆக்டிவிஷனைக் கண்டு பலரும் இத்தொழிலிற் புகுந்தனர், சரக்கு மலிந்தது, 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வியாபாரம் குலைந்தது. விற்காத கார்ட்ரிட்ஜுகளை அட்டாரியார் நியூ மெக்ஸிகோவிலுள்ள அலமகோர்டோ என்னும் ஊரின் குப்பை நிலத்திற் புதைத்தனர். 2014-இல் அவற்றுட் சில அகழ்ந்தெடுக்கப்பட்டன. அதன்பின் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஜப்பானிய நின்டென்டோ கம்பெனியார் கடுமையான விதிகளை வகுத்தனர். கார்ட்ரிட்ஜுகளை அவர்களே செய்து கொடுப்பர். பிரசுரகர்த்தர் விலையை முன்னரே செலுத்தல் வேண்டும். ஆண்டுக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் வெளியிடலாகாது. விற்குமோ விற்காதோ என்று அறியாத சரக்கிற்கு இவ்வாறு முன்பணம் கட்டவல்லார் யார்? அதுவே பிரசுரகர்த்தரது வலிமைக்கு வேராயிற்று.

அவ்வலிமை ஒப்பந்தத்தில் எவ்வாறு வெளிப்பட்டது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். இயற்றுவோர்க்குப் பிரசுரகர்த்தர் 10 லட்சம் டாலர் முன்பணம் தந்து, வரவில் நூற்றுக்கு 20 உரிமைப்பங்கு பேசினர் எனக் கொள்வோம். 10 லட்சம் வரவு வந்தவுடன் போட்ட முதல் மீண்டது என்று நாம் எண்ணுவோம். கணக்கோ அவ்வாறன்று. இயற்றியவர் பங்காகிய 2 லட்சம் மட்டுமே முன்பணத்திற் கழிக்கப்பெறும். ஆகவே வரவு 50 லட்சத்தை எட்டிய பின்னரே அவர் கையில் ஒரு காசேனும் புதிதாக விழும். விளையாட்டின் பெயரும் கதைமாந்தரும் பிரசுரகர்த்தர்க்கே உரியர் என்ற விதியும் பல ஒப்பந்தங்களில் இருந்தது. விற்பனை மந்தமாயின் இயற்றிய குழுவினர் அடுத்த ஒப்பந்தத்திற்கு அவர் வாயிலிலேயே மீளவும் நிற்க வேண்டும்.

இனி, இந்நிலை மாறிய வரலாற்றைக் கூறுவாம். வாஷிங்டன் மாநிலத்து வால்வ் கம்பெனியார் இயற்றிய 'ஹாஃப்-லைஃப்' என்னும் விளையாட்டை 1998-இல் சியரா என்ற பிரசுரகர்த்தர் வெளியிட்டனர். சியரா பின்னர் விவெண்டி என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் கீழ் அமைந்தது. கட்டணம் பெற்றுப் பிறரை ஆடவிடும் இணைய மையங்களுக்குத் தம் விளையாட்டுகளை அளிக்கும் உரிமை பிரசுரகர்த்தர்க்கு இல்லை என்று வால்வ் 2002-இல் வழக்குத் தொடுத்தது. 2003-ஆம் ஆண்டு செப்டம்பரில் 'ஸ்டீம்' என்னும் தம் இணைய வழியையும் அவர்கள் திறந்தனர். தமக்குரிய வெளியீட்டுத் தொழிலை இது கவர்கின்றது என்பது விவெண்டியின் எதிர்வழக்குகளுள் ஒன்று. 2004 நவம்பரில் 'ஹாஃப்-லைஃப் 2' வெளிவந்தபோது கடையிற் பெட்டி வாங்கினவரும் ஸ்டீம் வழியே பதிவு செய்த பின்னரே ஆட முடிந்தது. அந்நாளில் இணைப்பு நெருக்கடியாற் பலர் ஆட இயலாது வெறுத்துப் பேசியதும் உண்டு. ஆயினும், இணைய மையங்களைப் பற்றிய தீர்ப்பு வால்வின் பக்கமே அமைந்தது. 2005-இல் இரு திறத்தாரும் சமாதானமாகப் பிரிந்தனர். அவ்வாண்டிலேயே பிறர் இயற்றிய விளையாட்டுகளும் ஸ்டீமில் விற்கத் தொடங்கின. இயற்றிய ஒருவர், பிரசுரகர்த்தரை விலக்கி, தாமே பிறர்க்கு அங்காடி நடத்துபவராயினார்.

பெட்டி இல்லை, தகடு இல்லை, வண்டிக்கூலி இல்லை, விற்காமல் மீளும் சரக்கும் இல்லை. அங்காடிக்கு உரியது நூற்றுக்கு 30 என்பதே பொதுவழக்காயிற்று. ஸ்வீடன் நாட்டு மார்க்குஸ் பெர்ஸன் 2009-இல் 'மைன்க்ராஃப்ட்' என்னும் தம் விளையாட்டை முற்றுப்பெறாத நிலையிலேயே பிரசுரகர்த்தரும் பிறர் அங்காடியும் இன்றி இணையத்தில் விற்கத் தொடங்கினார். 2014-இல் அவர் கம்பெனியை மைக்ரோசாப்ட் வாங்கிய விலை 250 கோடி டாலர். நூலை அச்சிடுமுன் அன்பர்களிடம் கையொப்பம் வாங்கும் பழைய முறையும் புத்துயிர் பெற்றது. டிம் ஷேஃபர் என்பவரது டபிள் ஃபைன் கம்பெனியார் 2012-இல் 4 லட்சம் டாலர் வேண்டினர். 87,000 பேர் சேர்ந்து 33 லட்சத்துக்கு மேல் அளித்தனர். அத்தொகையும் போதாமல் அவ்விளையாட்டு 2014-லும் 2015-லும் இரு பாகமாக வெளிவர நேர்ந்தது. காலமும் செலவும் கண்காணிப்பதும் ஒரு தொழில் என்பதை அப்பொழுது பலர் உணர்ந்திருப்பர்.

இஃது இங்ஙனமாக, பிரசுரகர்த்தர் மறையவில்லை. என்னை? 2017 முதல் ஸ்டீமில் 100 டாலர் செலுத்தி யாரும் விளையாட்டை வெளியிடலாம் என்றாயிற்று. 2024-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே புதியனவாக வந்தவை 18,000-க்கு மேல். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 விளையாட்டுகள்! கதவு திறந்திருப்பது வேறு, உள்ளே வந்தவரை ஒருவர் ஏறெடுத்துப் பார்ப்பது வேறு. முன்னே கடைத்தட்டில் இடம் பெறுவது அரிதாயிருந்தது. இப்பொழுது காண்போர் கண் அரிதாயிற்று. ஆதலின் ஆடிக் காட்டுவோர்க்கு முன்கூட்டியே பிரதி அனுப்புதல், பல மொழிகளிற் பெயர்ப்பித்தல், ஒவ்வொரு பொறிக்கும் ஏற்ப மாற்றி அதன் சோதனையிற் தேறச் செய்தல், ஒப்பந்தம் எழுதுதல் முதலியன பிரசுரகர்த்தர் தொழிலாக எஞ்சின. 2009-இல் டெக்ஸஸ் மாநிலத்தில் தோன்றிய டெவால்வர் டிஜிட்டல் இத்தகையது.

எரிக் பரோன் என்பவர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனியே உழைத்து, படம், இசை, கதை அனைத்தும் தாமே செய்து 2016-இல் முடித்த 'ஸ்டார்ட்யூ வேலி' இவ்விடத்து ஊன்றி நோக்கத்தக்கது. தொடக்கத்தில் சக்கிள்ஃபிஷ் என்னும் பிரசுரகர்த்தர் அதை வெளியிட உதவினர். பின்னர் பெரும்பாலான பொறிகளில் வெளியிடும் பொறுப்பைப் பரோன் தாமே ஏற்றுக்கொண்டார். வேண்டிய காலத்திற் கைக்கோல் போலப் பற்றி, நடை தேறியபின் விடும் உறவு இது. பெட்டிக் காலத்தில் இதனை எண்ணவும் இயலாது. 'டெஸ்டினி' என்னும் விளையாட்டின் உரிமையோடு 2019-இல் ஆக்டிவிஷனை விட்டுப் பிரிந்த பங்கி கம்பெனியாரும், 2023-இல் 'பால்டுர்ஸ் கேட் 3'-ஐத் தாமே வெளியிட்ட பெல்ஜிய நாட்டு லாரியன் கம்பெனியாரும் பெரிய அளவில் இவ்வழியைக் காட்டினர்.

இவற்றால் இயற்றுவோர் விடுதலை பெற்றனர் என்று துணிந்து கூற நாம் உடன்படோம். சாவி கைம்மாறியதே அன்றிப் பூட்டு நீங்கவில்லை. 2018 இறுதியில் ஸ்டீம் தன் பங்கைக் குறைத்தது. ஆயினும், வரவு 1 கோடி டாலரைக் கடந்தபின் 25 என்றும், 5 கோடியைக் கடந்தபின் 20 என்றும் அமைந்த அச்சலுகை பெரியோர்க்கே பயன்படும். சில நாட்களிலேயே எபிக் கம்பெனியார் 12 மட்டும் கொள்ளும் அங்காடியைத் திறந்தனர். அவர்களே 2020-இல் ஆப்பிள் கம்பெனியின் கட்டணத்தை விலக்கித் தம் விளையாட்டினுள் நேரே பணம் பெற முயன்றபோது, அவர்கள் 'ஃபோர்ட்நைட்' ஆப்பிள் அங்காடியினின்று நீக்கப்பட்டது. அமெரிக்க ஐபோன்களில் அது மீண்டது 2025-இலேதான். இத்துணைப் பெரிய கம்பெனிக்கே இக்கதி எனின், தனித்து உழைப்பவர் எம்மாத்திரம்?

மற்றொன்றும் உளது, இது வாங்குவோரைப் பற்றியது. யூபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சுப் பிரசுரகர்த்தர் 2014-இல் வெளியிட்ட 'தி க்ரூ' எப்பொழுதும் இணையத்தோடு இணைந்தே ஆடவேண்டிய ஒரு கார்ப்பந்தய விளையாட்டு. 2024 மார்ச் 31-ஆம் நாள் அவர்கள் தம் சர்வர்களை நிறுத்தினர். அன்று முதல், விலை கொடுத்துத் தகடு வாங்கி வைத்திருந்தவரும் அதனை ஆட இயலாதவராயினர். அலமகோர்டோக் குப்பையில் 30 ஆண்டு கிடந்த ஒரு கார்ட்ரிட்ஜ் இன்று ஸ்மித்ஸோனியன் காட்சிச்சாலையில் உள்ளது. இத்தகட்டுக்கோ மண்ணிற் புதையாமலே முடிவு வந்தது. இதனைக் கண்டு ராஸ் ஸ்காட் என்பவர் விளையாட்டுகளைக் காக்கும் பொருட்டு ஓர் இயக்கம் தொடங்கினார். வாங்குவோர் பெறுவது உடைமை அன்று, பயன்படுத்தும் அனுமதியே என்பதை விற்கும்போதே தெளிவாகக் கூறவேண்டும் என்று கலிபோர்னியா அரசினர் சட்டம் இயற்றினர். அது 2025 முதல் நடைமுறைக்கு வந்தது. யூபிசாஃப்டாரும் அவ்வரிசையில் அடுத்து வந்த இரு விளையாட்டுகளுக்கு இணையமின்றி ஆடும் வழி செய்து தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தனர்.